இருபத்தாறாம் வாரத்து இதயம்

வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜெசிந்தாவுக்கு முதல் குழந்தை உடம்பெல்லாம் நீலம் பாரித்துப் பிறந்தது. மலையிறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவள் மடியிலேயே அடங்கிவிட்டது. ஏன் என்று அன்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது உண்டானபோது தோட்டத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் பர்வீன் அவள் வயிற்றில் மெல்லிய ஸ்கேன் பட்டையை ஒட்டினாள். இருபத்தாறாம் வாரம், கொட்டைப்பாக்கு அளவில் குழந்தையின் இதயம் திரையில் துடித்தது. பர்வீன் அதில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த வால்வு ஒட்டிக்கிட்டிருக்கு. நுரையீரலுக்கு ரத்தம் போக வழியில்லை. மூத்ததுக்கும் இதேதான் இருந்திருக்கணும்."

"அப்ப இதுவும் போயிடுமா சிஸ்டர்?"

"விடமாட்டோம். கத்தியே வேண்டாம், இந்தப் பட்டை அனுப்புற ஒலி அலையே வால்வைத் திறந்துவிடும். கோயம்புத்தூர்லேருந்தே டாக்டரம்மா திரையில பாத்து நடத்துவாங்க. நீ நாப்பது நிமிஷம் அசையாம படுத்திருக்கணும்."

ஜெசிந்தா மூச்சைக்கூட அளந்து விட்டாள். கணவன் பவுல் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றான். முப்பத்தெட்டாவது நிமிஷம் வால்வு சட்டென்று விரிந்தது. அடைபட்டிருந்த ரத்தம் மடை திறந்ததுபோல் பாய்வதை மூவரும் திரையில் பார்த்தார்கள். "பாயுது!" என்று பவுல் கத்தியே விட்டான்.

மூன்று மாதம் கழித்து அதே நிலையத்தில் பெண் குழந்தை பிறந்தது. உதடும் நகமும் செக்கச்செவேலென்று இருந்தன. அழுகையில் அறையே அதிர்ந்தது. பர்வீன் தட்டிக்கொடுத்து அமர்த்தப் போனாள்.

"விடுங்க சிஸ்டர்," என்றாள் ஜெசிந்தா. "மூத்தது ஒரு சத்தம்கூடப் போடலை. இவ நல்லா அழட்டும்."