கிரீஸ் தடவிய வளைவு

சரக்கு வண்டி வளைவில் திரும்பியது. கத்தவில்லை.

தங்கை மூச்சை அடக்கிக்கொண்டு மடியில் கிடந்த மகளையே பார்த்தாள். கடைசிப் பெட்டியும் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. குழந்தையின் இமைகூட ஆடவில்லை.

"அண்ணா, நீ மந்திரவாதிதான்" என்றாள் கிசுகிசுப்பாக.

அண்ணன் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்ப்பவன். அதிகாலையிலேயே கிரீஸ் டின்னோடு வந்து இறங்கிவிட்டான்.

குழந்தைக்கு வலிப்பு. காய்ச்சலில் ஆரம்பித்தது, காய்ச்சல் போன பிறகும் விடவில்லை. தூக்கம் கெட்டால் வரும், திடுக்கிட்டால் வரும். இன்னொரு முறை பெரிதாக வந்தால் மூளையைப் பாதிக்கலாம், நன்றாகத் தூங்க விடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீடோ ரயில் வளைவை ஒட்டி. ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் இரும்பை இரும்பு அறுக்கிற அலறல். ஒவ்வொரு அலறலுக்கும் குழந்தையின் கண்கள் மேலே செருகும்.

"அது ஏன் அப்படிக் கத்துது? மத்த இடத்துல எல்லாம் சும்மாத்தானே போகுது?"

அண்ணன் இரண்டு டம்ளர்களை எடுத்து வாயோடு வாய் ஒட்டிப் பாயில் மெல்ல உருட்டிக் காட்டினான்.

ரயில் சக்கரம் இப்படித்தான். உள்பக்கம் பருமன், வெளிப்பக்கம் ஒடுக்கம். வளைவு வந்தால் வண்டி வெளிப்பக்கமாக நகரும். வெளிச்சக்கரம் தன் பருமனான பாகத்தில் ஏறிக்கொள்ளும், உள்சக்கரம் ஒடுக்கமான பாகத்தில் இறங்கிக்கொள்ளும். ஒரே சுற்றில் ஒன்று அதிக தூரம் போகும், மற்றது குறைவாகப் போகும். வண்டி தானாகத் திரும்பிவிடும்.

"அப்போ ஸ்டியரிங்கே கிடையாதா?"

"உன் புருஷனுக்கு இருக்கா? தானாத்தானே திரும்புறாரு. ரொம்ப வளைச்சாத்தான் கத்துவாரு."

தங்கை முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்குத் தோன்றியது.

இந்த வளைவு ரொம்பக் குறுகல். சக்கரத்தின் சரிவு மட்டும் போதாது. சக்கர விளிம்பு தண்டவாளத்தின் பக்கவாட்டில் முட்டி உரசும். அந்த உரசல்தான் அலறல். அதற்குத்தான் கிரீஸ் தடவ வேண்டும். டின் பற்றாக்குறை என்று இந்த வளைவை எப்போதும் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள்.

இன்று அவன் தள்ளவில்லை. வளைவு முழுக்கத் தாராளமாகத் தடவியிருந்தான். அதிலும் கவனம்தான். தண்டவாளத்தின் மேல் முகத்தில் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை. பட்டால் பிரேக் வழுக்கும், ஆட்கள் செத்துப்போவார்கள்.

தங்கை குழந்தையைக் கட்டிலுக்கு மாற்றினாள். முகம் கழுவினாள். தலை வாரி, கண்ணாடியில்கூட ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"மருந்துக்கடைக்கு ஒரு நடை போயிட்டு வந்துடறேன். இவங்கப்பாவை நம்பினா மருந்து அடுத்த வருஷம்தான் வரும். பார்த்துக்கோ."

"போயிட்டு வாடி. நான் எங்கே ஓடிடப்போறேன்?"

கட்டிலருகே உட்கார்ந்து மருமகளின் சின்னப் பாதத்தை வருடிக்கொண்டிருந்தான். அடுத்த வண்டி வந்தது. பயணிகள் வண்டி. எண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஜன்னலைக் கடந்தது. அவனுக்குப் பெருமையாக இருந்தது.

பெட்டிகள் வேகம் குறைந்தன. ஒரு நீண்ட பெருமூச்சோடு வண்டி நின்றது.

இங்கே வண்டி நிற்பதில்லையே. சிக்னலாக இருக்கும்.

பெட்டிகளின் வாசலில் நின்றவர்கள் எட்டி எட்டி எஞ்சின் பக்கம் பார்த்தார்கள். ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டு பேர் குதித்து முன்பக்கம் ஓடினார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா மூச்சிரைக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். வாய் குழறியது.

"உங்க தங்கச்சி... கடைக்குன்னு குறுக்கே இறங்கினா... இந்த வளைவுல வண்டி எங்கேங்க கண்ணுக்குத் தெரியும்? அந்தக் கத்தலைக் கேட்டுத்தானே நாங்க எல்லாரும் தாண்டுறோம்... இன்னிக்கு அது கத்தவே இல்லையே!"

அவன் எழுந்தான். வயிற்றிலிருந்து கிளம்பிய அலறல் தொண்டைக்கு வந்துவிட்டது.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

குழந்தை புரண்டு படுத்து, மறுபடி தூங்கிப்போனது.