கேட்டுக்கு வெளியே

வாயைக் கம்பியால் கட்டி யாரோ குப்பைமேட்டில் எறிந்துவிட்டுப் போன நாய் அது. புண் ஆறிய பிறகும் குரைக்கவே இல்லை. சம்பளமில்லாமல் நாய்க் காப்பகம் நடத்துகிறவர்கள் அதற்கு ஊமையன் என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் மெர்லின்தான் கஞ்சியை விரலால் ஊட்டிப் பிழைக்க வைத்தாள். தத்துக் கொடுத்த வீட்டுக்குச் சில வாரம் கழித்துப் போய்ப் பார்ப்பார்கள்; நாய் ஒட்டவில்லையென்றால் திரும்பக் கூட்டி வந்துவிடுவார்கள். ஊமையனை எடுத்துக்கொண்ட வீட்டுக்கு மெர்லின் பையில் சங்கிலியோடுதான் போனாள். கேட்டில் கை வைத்ததும் உள்ளிருந்து பாய்ந்து வந்தது. மூக்கின் மேல் அதே கம்பித் தழும்பு. அவளைப் பார்த்து வால் ஆடியது. ஆனாலும் உள்ளே விடாமல் தெருவே அதிரக் குரைத்தது. வீட்டுக்காரர் ஆவுடையப்பன் லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். “டேய் சிங்காரம், யாரு வந்திருக்காங்கன்னு தெரியல? வாயை மூடுடா!”

“ஐயோ, அதட்டாதீங்க சார்.” மெர்லின் காப்பகத்துக்குப் போன் போட்டாள். “ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் பக்கத்துல வாங்க” என்று மட்டும் சொல்லி, போனை கேட்டின் கம்பிகளுக்கு நடுவே நீட்டினாள். மறுமுனையில் யாரோ விசிலடித்தார்கள். ஆவுடையப்பன் தாழ்ப்பாளை நீக்கப் போனார்.

“இருங்க சார், திறக்காதீங்க. இன்னும் கொஞ்சம் குரைக்கட்டும்.”