தெக்கேருந்து வந்தது

"தெக்கேருந்து வந்தது ஒரு மாசமா எப்படித் தாக்குப் பிடிக்குது?" என்று மகள் நிதியாவிடம் கேட்டார் பண்ணைக்காரர் அன்செல்மோ. பராகுவேயின் சாக்கோ வெயிலுக்குத் தோதுப்பட்டால்தான் அங்குஸ் மாட்டினத்தை இறைச்சி மந்தையில் சேர்ப்பதாக இருந்தார்.

"பத்து மணிக்கே நிழல் தேட வேண்டியிருக்குப்பா."

"உண்ணி?"

"உடம்பெல்லாம் தடிப்பு."

"குணம்?"

"ரொம்பச் சாது. நான் எதைக் குடுத்தாலும் மறுப்பே கிடையாது."

"சாதுவா இருந்து என்ன பண்ண? இந்தச் சாதி இங்க தனியா நிக்காது. திருப்பி அனுப்பிடலாம்."

நிதியாவின் முகம் வாடியது. "வேற வழியே இல்லையாப்பா?"

"இருக்கு. நம்ம திமில் வச்ச நெலோரே பசுவோட சேர்த்துட்டா, பொறக்கறது வெயிலும் தாங்கும், சதையும் பிடிக்கும். முப்பது வருஷமா மாட்டோட பழகினவன் சொல்றேன், கலப்புதான் இந்த மண்ணுக்குச் சரி."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் என்னிக்கு மாறினேன்?"

நிதியா வாசல் பக்கம் திரும்பினாள். "லிசாந்த்ரோ, உள்ள வாங்க. அப்பாவுக்குச் சம்மதம்."

காளையைக் கவனிக்கத் தெற்கிலிருந்து கூடவே வந்திருந்த கால்நடை மருத்துவன், கழுத்தைச் சொறிந்தபடி உள்ளே வந்தான்.

"நான் கேட்டது காளையைப் பத்தி" என்றார் அன்செல்மோ.

"அதுவும் நிழல்லதான் கெடக்குப்பா" என்றாள் நிதியா. "அதுக்கும் நீங்க சொன்ன மாதிரி ஒரு நல்ல நெலோரே பொண்ணாப் பாருங்க."