சரசரக்கும் பேண்ட்

"சத்தமே வரல பாப்பா. இது வேணாம்."

கடலூர் லாரன்ஸ் ரோட்டுத் துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரிசில்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நடக்கும்போது சத்தம் வருகிறது என்று டிராக் பேண்ட்டைத் திருப்பிக் கொடுப்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். சத்தம் வரவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறாள். இந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருகிறார், கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார், தலையை ஆட்டிவிட்டுக் கழற்றப் போய்விடுகிறார்.

பெயர் விருத்தாம்பாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சிதம்பரத்தில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கிவிட்டு, பஸ் பிடித்துக் கடலூர் வரை வந்திருக்கிறார். பழையது பாராசூட் துணியாம். எட்டு வருடம் உழைத்ததாம். தைத்துத் தைத்துப் போட்டும் போன வாரம் நார்நாராகக் கிழிந்துவிட்டதாம். அன்றைக்கு நின்றதுதான், அவரும் வீட்டுக்காரரும் காலையில் போகும் நடை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. நடக்காவிட்டால் ஆபத்து என்று டாக்டர் கடுமையாகவே சொல்லிவிட்டாராம்.

"ஒங்க பேண்ட் கிழிஞ்சா அவரு ஏன்க்கா நடக்காம இருக்காரு?"

"நான் போவாம அவரு போவ மாட்டாரு."

அடேங்கப்பா என்றிருந்தது பிரிசில்லாவுக்கு. அவள் அப்பாவும் அம்மாவும் ரேஷன் கடைக்குக்கூடச் சேர்ந்து போனதில்லை.

மூங்கில் நாரில் நெய்த பேண்ட் ஒன்றை எடுத்துப் போட்டாள். நல்ல விலை, பூ மாதிரி துணி. விருத்தாம்பாள் தடவிப் பார்த்து, அருமையான துணி என்று மனசார ஒப்புக்கொண்டார். நடந்து பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டார்.

வயல் வரப்பில் நடப்பவராக இருக்கும், பாம்பு விலகிப் போகத்தான் சத்தம் கேட்கிறார் என்று கணக்குப் போட்ட பிரிசில்லா, அதைக் கேட்டும்விட்டாள். தேரோடுகிற கீழ வீதியில் பாம்புக்கு என்ன வேலை என்று சிரித்தார் விருத்தாம்பாள்.

"அப்ப, சத்தத்துக்குக் கொலுசு போட்டுக்கலாமேக்கா?"

"வீதியில நடக்குற பாதிப் பொம்பளைங்க காலுல கொலுசுதான் கெடக்கு. இது எனக்குன்னு தனியா இருக்கணும் பாப்பா. வீட்டுலயும் இதத்தான் போட்டுக்குவேன், அடுப்படிலேர்ந்து தோட்டம் வரைக்கும். அதனால ஒடம்புக்கு எதமா இருக்கணும். வருசத்துக்கு ஒண்ணு வாங்கித் தூக்கிப் போடுறதும் எனக்கு ஆவாது. ஊருல குப்ப ஏற்கெனவே ஜாஸ்தி."

அடுப்படியில் சரசரத்துக்கொண்டு நடக்க ஆசைப்படும் ஒரு பெண்ணை பிரிசில்லா கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அந்த அம்மாள் பேச்சில் கிறுக்குத்தனம் துளியும் இல்லை. கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பவர்கள்கூட இத்தனை கவனமாகப் பார்த்து அவள் கண்டதில்லை.

அப்போதுதான் அவளுக்கு அடி அலமாரி நினைவுக்கு வந்தது. பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி, நூலாக்கி நெய்த பேண்ட் அங்கே கிடந்தது. உட்புறம் மெத்தென்று பருத்தி, வெளியே இழுத்தாலும் கிழியாத துணி. ஆனால் நடந்தால் ஊரைக் கூட்டும். அதனாலேயே யாரும் வாங்கவில்லை, அதைப் பார்க்கும்போதெல்லாம் முதலாளி புலம்புவார். மிச்சம் இருந்ததோ ஒரே நிறம், கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை.

விருத்தாம்பாள் போட்டுக்கொண்டு வந்தார். நடந்தார். சரக், சரக், சரக். குந்தி எழுந்தார், சம்மணம் போட்டு உட்கார்ந்தார், மறுபடி கடைக்கோடி வரை நடந்தார். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"கலருதான்க்கா ஒரு மாதிரியா இருக்கு. வீட்டுல சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"கலருக்கெல்லாம் அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இன்னொண்ணு இருந்தா அதையும் போடு."

பெண்டாட்டி கிளிப்பச்சையில் பேண்ட் போட்டாலும் வாய் திறக்காத ஆம்பளை! அந்த மனிதரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று பிரிசில்லாவுக்கு ஆசையாக இருந்தது.

பார்க்கவும் செய்தாள். அடுத்த மாதம் சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போனவள், விடிந்தும் விடியாத நேரத்தில் பால் வாங்கக் கீழ வீதிக்கு வந்தாள். முதலில் சத்தம்தான் வந்தது. அப்புறம் கிளிப்பச்சை. அதற்கு இரண்டடி பின்னால், உயரமான ஒரு மனிதர், நெஞ்சை நிமிர்த்திக் கைவீசி வந்துகொண்டிருந்தார்.

விருத்தாம்பாள் ஒரு மாட்டுக்காக ஒதுங்கினார். அவரும் அதே அளவு ஒதுங்கினார். இவர் வேகம் கூட்டினால் அவரும் கூட்டினார். ஒரு பேச்சில்லை, தொடவில்லை. சேர்ந்து வாழ்ந்தால் இப்படிக்கூட ஆக முடியுமா என்று பிரிசில்லா பால் பாக்கெட்டோடு மலைத்துப்போய் நின்றாள். கோயிலுக்குள் நிற்பது போல் இருந்தது அவளுக்கு.

அவளைப் பார்த்ததும் விருத்தாம்பாள் நின்றார். சத்தம் நின்றதும் அவரும் நின்றார். பேண்ட் எடுத்துக் கொடுத்த கடலூர்ப் பெண் இவள்தான் என்று விருத்தாம்பாள் சொல்ல, அவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கைகூப்பினார், பிரிசில்லாவுக்குப் பக்கத்தில் இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்து.

"நீ நல்லா இருக்கணும்மா. யாரு கையயும் புடிக்காம நாலு வீதியும் நானே சுத்தி வந்துர்றேன்," என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஆமா, அது என்ன கலரும்மா?"