சுவரில் அறைந்த ஆய்வேடு

நவம்பர் வெளிச்சம் தண்ணீர்ப் பாலாக ஆய்வுக்கூட நடைவழியில் வடிகிறது. இலவங்கப்பட்டை ரொட்டி மணக்கிறது. முனைவர் பட்டத்துக்கு முன் ஆய்வேட்டைச் சுவர்ப் பலகையில் ஆணியடித்து ஊரறியச் செய்வது ஸ்வீடன் வழக்கம். ஆய்வு மாணவி ரக்னில்ட் சுத்தியலோடு நிற்கிறாள். ஏட்டைப் பலகையோடு அழுத்திப் பிடித்திருக்கிறார் அவளுடைய நெறியாளர், பேராசிரியர் ஃபோல்கே. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் நுண்மணிகளில் ஃப்ளூ வைரஸின் புரதத்தைப் பூசி, அது நுரையீரல் செல்லின் காவல் புரதத்தை மடக்கிப் பிடிக்கிறதென்று காட்டிப் பதக்கம் வாங்கியவர். பூசாத மணியையும் சோதிக்கலாமே என்று கேட்டதற்குத்தான் ரக்னில்டின் பெயரை அந்தக் கண்டுபிடிப்பின் கட்டுரையிலிருந்து அவர் நீக்கினார். எதையும் படிக்காமலே கையெழுத்திடுவது அந்த மகானின் பழக்கம். இந்த ஏட்டுக்கும் அப்படித்தான் ஒப்புதல் தந்தார். “ஓங்கி அடிம்மா! நம்ம புகழ் சுவத்துல நிக்கணும்!” “அசையாம பிடிங்க, ஃபோல்கே.” முதல் அடி விழுகிறது. பக்கத்து ஆய்வுக்கூடத்து எஸ்கில், ரொட்டியை மென்றபடி ஏட்டின் இன்னொரு பிரதியைப் புரட்டுகிறார். “அடடே, வைரஸ் புரதம் பூசாத வெறும் மணியிலயும் காவல் புரதம் ஒட்டுதாமே! அப்போ பிடிச்சது வைரஸ் இல்லியா? ஒப்புதல் கையெழுத்து உங்களோடதுதானே, ஃபோல்கே?” சிரிப்பு பரவுகிறது, செல்பேசிகள் உயர்கின்றன. ஃபோல்கேயின் காது சிவக்கிறது. கையை எடுத்தால் ஏடு விழும். எடுக்காவிட்டால், தன்னைப் பொய்யாக்கிய ஏட்டைத் தாங்கியபடி படத்தில் அவரே விழுவார். பல்லைக் காட்டியபடி பிடித்திருக்கிறார். ரக்னில்டுக்கு இப்போது ஒரு அவசரமும் இல்லை. ஆணியை மெல்ல மெல்லத் தட்டுகிறாள்.