முதல் வகுப்பு

"குட் மார்னிங் சார்" என்று மொத்த வகுப்பும் எழுந்து நின்றபோது, மெத்தைக் கடைக்காரர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். கரும்பலகைதான் இருந்தது.

இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தவர், படித்த கல்லூரியை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவியைக் காரில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்திருந்தார். காலியாகக் கிடந்த வகுப்பறையில் தன் பழைய கடைசி பெஞ்சைத் தடவிப் பார்த்தார். பிறகு, அந்தக் காலத்தில் திட்டு வாங்க மட்டுமே ஏறிய மேடையில் ஏறி, அங்கிருந்து அந்த பெஞ்ச் எப்படித் தெரியும் என்று பார்த்தார். அங்கே தூங்கியது நன்றாகவே தெரிந்திருக்கும் போலிருந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் திமுதிமுவென்று நுழைந்துவிட்டார்கள்.

கல்லூரி திறந்த முதல் நாள். அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. நான் வாத்தியார் இல்லை என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், முன்வரிசைப் பெண் ஒருத்தி சாக்பீஸை நீட்டினாள். வாங்கிவிட்டார். அவரை யாரும் அத்தனை நம்பிக்கையோடு பார்த்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள்கூட மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவர் பேச்சை நம்புவார்கள்.

என்ன பாடம் என்று மெல்ல விசாரித்தார். கட்டடங்களில் பாரம் தாங்கும் உத்தரங்களைப் பற்றியது என்றார்கள். முட்டி மோதி, திரும்பத் திரும்பப் பரீட்சை எழுதி, எப்படியோ கரையேறிய பாடம் அது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மேடையில் நிற்பவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

பிரின்சிபாலேதான் என்று மெத்தைக் கடைக்காரருக்குப் பட்டது. புது வாத்தியார் எப்படி நடத்துகிறார் என்று பார்க்க வந்திருக்கிறார். இனி ஓடவும் வழியில்லை. தெரிந்ததை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.

"ஒரு மெத்தையை எடுத்துக்குவோம். ஒல்லியான ஆள் படுத்தா ஒண்ணும் தெரியாது. என் மச்சான் படுத்தா நடுவுல குழி விழுது. ஏன்?"

வகுப்பு சிரித்தது. பிறகு யோசிக்க ஆரம்பித்தது. அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. மச்சானைத் தலைமாட்டுக்கு நகர்த்தினார். கால்மாட்டில் மச்சான் பெண்டாட்டியைப் படுக்க வைத்தார். அடியில் முட்டுக் கொடுத்தார். கரும்பலகை முழுக்க மச்சான் விதவிதமாகப் படுத்துக் கிடந்தார். அந்தப் பாடம் தனக்கே அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் புரிகிறது என்பதை வாத்தியார் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நடுவில் மனைவி போன் செய்து, எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கேட்டாள். "கிளாஸ்ல இருக்கேன்" என்று கிசுகிசுத்தார்.

"அப்போ நீங்க இன்னும் பாஸ் பண்ணலையா?" என்றாள் மனைவி.

போனை அணைத்துவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். வகுப்பு சிரிக்கச் சிரிக்க, அந்த மனிதரின் முகம் மேலும் மேலும் இருண்டுகொண்டே போனது. இன்றைக்குப் போலீஸில்தான் கொண்டுபோய் விடுவார் என்று இவருக்குத் தோன்றியது.

மணி அடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, வராந்தாவில் ஓட்டமும் நடையுமாகப் போனார். பின்னாலேயே காலடிச் சத்தம் வந்தது. மாடிப்படி அருகே கண்ணாடிக்காரர் அவர் கையை எட்டிப் பிடித்துவிட்டார். பிடித்த கை சில்லென்று இருந்தது.

"பாடம் பிரமாதம் சார். சத்தியமா என்னால அப்படி நடத்த முடியாது" என்றார் கண்ணாடிக்காரர். "அதுக்காக, வேலையில சேர்ற முதல் நாளே பஸ்ஸை விட்டுட்டுக் கொஞ்சம் லேட்டா வந்ததுக்கா சார் என் இடத்துல வேற ஆளைப் போட்டுட்டாங்க?"