லேஸ் கட்டக் குனிந்தவள்

“கோன் நகர்ந்தா போனுக்குத் தெரியுமா மாஸ்டர்?” என்று சின்னவள் போன வருஷம் கேட்டாள்.

“போன் நொடியைத்தான் எண்ணும். நீ வாயைக் குறைச்சு வேகத்தைக் கூட்டு.”

இந்த வருஷமும் பள்ளி அணியில் ஒரே இடம்தான். பிளாஸ்டிக் கோன்களை வளைந்து வளைந்து சுற்றி வந்த சின்னவளுக்கு மாஸ்டரின் போன் செயலி 11.4 நொடி காட்டியது. அவள் கால் பட்டுக் கடைசிக் கோன் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. அடுத்து ஓடுபவளுக்கு அந்த ஒரு முழமும் கூடுதல் தூரம். அடுத்தவள் நெட்டை.

மாஸ்டர் போனுக்குள் தலையை விட்டிருந்தார். சின்னவள் லேஸ் கட்டக் குனிந்து, கோனைப் பழைய இடத்துக்கே தள்ளினாள்.

நெட்டைக்கு 11.3.

“மயிரிழையில கோட்டை விட்டியேடி!”

“பரவாயில்ல மாஸ்டர்.”

போன வருஷம் முதலில் ஓடி முடித்த நெட்டையும், சின்னவள் ஓடி இடம் பிடிப்பதற்குச் சற்றுமுன், தன் கால் பட்டுத் தள்ளிப் போன கடைசிக் கோனருகே லேஸ் கட்டத்தான் குனிந்தாள்.

நெட்டையின் ஷூவில் லேஸே கிடையாது.